ஒரு குதிரைக்கு மீள்குடியேற்றம்: எளிய செய்முறை

இந்தக் குறிப்பு எல்லோருக்கும் உரியதல்ல. ஏதோவோர் ஆவணி மாதக் காலையில், நெடுந்தீவில் தண்ணீரில்லாமல் குதிரைகள் வாடுகின்றன என்ற செய்தியைப் பத்திரிகையில் படத்தோடு பார்த்து, கையிலிருந்த தேத்தண்ணியை ஆறவிட்டு, "ஒண்டையாவது கொண்டுவந்து காப்பாத்த வேணும்" என்று வாய்விட்டுச் சொன்னவர்களுக்கு மட்டும் உரியது. சொன்னதோடு நில்லாமல் அந்தப் படத்தைக் கனடாவிலிருக்கும் மாமாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, அவரும் "காசைப் பற்றி யோசியாதை, நீ செய்" என்று பதில் போட்டுவிட்டார் என்றால் நீங்கள் இதை இரண்டு தரம் படிக்கவேண்டும். வெளிநாட்டுக் காசு புறப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு காரியத்தை நிறுத்துவது கஷ்டம். சந்தேகமென்றால் நம் கோயில் கோபுரங்களை அண்ணாந்து பாருங்கள்.

தேவையான பொருட்கள்:

குதிரை – 1 (நாலாம் படியில் 2 ஆகும்)
கயிறு – ஒரு கட்டு
படகு – 1
பட்டா வாகனம் – 1
காணி – 32 பரப்பு, பங்காளி வழக்கு இல்லாதது
கொள்ளு – ஒரு மூடை
மிருக வைத்தியர் – 1, குதிரையை நேரில் பார்த்தவராக இருந்தால் விசேஷம்
கடிதங்கள் – எண்ணவேண்டாம்
வாளி – 1

படி 1: குதிரையைக் கண்டுபிடியுங்கள்

யாழ்ப்பாணத்தில் குதிரைகள் செழிப்பாக வாழும் இடம் கோயில் வாகனசாலை. வேட்டைத் திருவிழா அன்று சுவாமியைச் சுமக்கும் மரக்குதிரைக்கு வர்ணம் உண்டு, பட்டு உண்டு, பூட்டிய அறை உண்டு, பரம்பரை உபயகாரர் உண்டு. வருடத்தில் ஒரு நாள் வேலை, மிச்ச நாள் ஓய்வு. அதை யாரும் மீட்கவேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டியது விலா எலும்பு தெரிகிற உயிர்க்குதிரை.

அதற்கு நெடுந்தீவுக்குப் போகவேண்டும். யாழ் பஸ் நிலையத்தில் 776ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று கடந்து குறிகட்டுவானில் இறக்கிவிடும். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடற்பயணம். படகில் இடம் கிடைப்பது சில நாட்களில் குதிரைக்கொம்பு. அரிசி மூடை, காஸ் சிலிண்டர், கோழிக்கூடு, ஆசிரியர்கள், கிளினிக்குக்குப் போய்த் திரும்பும் ஆச்சிமார் எல்லோரும் ஏறிய பிறகு உங்கள் கருணைக்கு ஓர் ஓரம் கிடைக்கும்.

தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். மேசை போன்ற தட்டைத் தரை. முருகைக்கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலிகள், பனைகள், ஒரு பெரிய பெருக்குமரம். தெற்கே வெளிக்குப் போனால் குதிரைகள் தெரியும். உயரம் குறைந்தவை, மண்ணிறமும் கபிலமும் வெள்ளைத் திட்டுமாக. கண்டதும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவேண்டாம். நீங்கள் பத்து அடி வைத்தால் அவை இருபது அடி வைக்கும். அவற்றுக்குக் கால் நாலு.

படி 2: கைவிட்டவர் யாரென்று எழுதுங்கள்

எந்த மீட்புப் பதிவிலும் ஒரு கேள்வி இருக்கும்: "முன்னைய உரிமையாளரின் பெயரும் முகவரியும்." நிரப்புவோம்.

1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பறங்கியர் இத்தீவைப் பசுக்களின் தீவு என்று அழைத்தார்கள். 1658இல் அவர்களைத் துரத்திய ஒல்லாந்தர் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப்பெயர்களை வைத்தார்கள். காரைநகர் அம்ஸ்டர்டாம், வேலணை லைடன், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், புங்குடுதீவு மிடில்பர்க், நெடுந்தீவு டெல்ஃப்ற். 1795இல் ஆங்கிலேயர் வந்தபோது ஒல்லாந்தர் கப்பலேறினார்கள். மற்றப் பெயர்கள் எல்லாம் அவர்களோடு போயின. டெல்ஃப்ற் என்ற பெயரும் குதிரைகளும் மட்டும் இங்கே நின்றுவிட்டன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானியப் படை லெப்டினன்ட் இங்கே அதிகாரியாக இருந்து குதிரை வளர்ப்பைப் பார்த்துக்கொண்டார். அவரும் போனார். குதிரை லாயத்தின் தூண்கள் இன்றும் வரிசையாக வெயில் காய்கின்றன. முதலில் குதிரையை இறக்கியது பறங்கியரா ஒல்லாந்தரா என்பதில் இன்னும் வழக்குண்டு. ஆக, "முன்னைய உரிமையாளர்" என்ற இடத்தில் இரண்டு பேரரசும் ஒரு கம்பனியும் என்று எழுதுங்கள். முகவரி: ஐரோப்பா.

எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். ஒரு பெண்குதிரை பதினொரு மாதத்தில் குட்டி ஈனும். நோலன் போய் இருநூறு வருடமாகிறது. இன்று உங்கள் முன் நிற்கும் குதிரையின் தாய்க்கும், தாயின் தாய்க்கும், அவளுக்கும் முந்தியவளுக்கும் எசமான் என்று ஒருவர் இருந்ததில்லை. உரிமையாளர் விட்டுப்போனார் என்று நாம்தான் அதற்காக அழுகிறோம். அதற்கு அந்த ஆளையே தெரியாது.

இதைப் படித்ததும் உற்சாகம் கொஞ்சம் குறைந்திருந்தால் நல்லது. அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: மெலிவை அளவிடுங்கள்

நம் ஊரில் மெலிவை அளக்க ஏற்கெனவே ஒரு முறை உண்டு. கொழும்பிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற யாரையும் படலையில் வைத்துப் பார்த்து, "என்ன பிள்ளை, நல்லா மெலிஞ்சு போனாய்" என்பது. தொண்ணூறு கிலோக்காரருக்கும் இதே முடிவு வருவதால் இந்த முறையை நம்பமுடியாது.

1983இல் அமெரிக்காவின் ரெக்சாஸில் ஹெனெக் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் குதிரைக்கு 1 முதல் 9 வரை ஒரு புள்ளிக்கணக்கு வகுத்தார்கள். கழுத்து, பிடரிமேடு, தோளின் பின்புறம், விலா, முதுகு, வாலடி என்று ஆறு இடங்களைக் கண்ணால் பார்த்துக் கையால் தடவவேண்டும். 1 என்றால் தோல் போர்த்த எலும்பு. 9 என்றால் கொழுப்பில் முதுகு நடுவே வாய்க்கால் விழுந்திருக்கும். விலா கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்பட்டால் 5, அதுதான் நடுநிலை. குதிரை மீட்பவர்கள் பலர் இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நெடுந்தீவுக் குதிரை தடவ விடாது என்பதால் தூரத்தில் நின்று கண்ணால் மட்டும் போடுங்கள். ஆவணியில் போனால் 2, 3 என்று போட்டுக்கொண்டே கண்ணைத் துடைப்பீர்கள். தையில் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் வெளி முழுக்கப் புல் முளைத்து, அதே குதிரைகள் வயிறு உருண்டு, குட்டிகள் துள்ள, உங்களைச் சட்டைசெய்யாமல் மேயும். அதைப் பார்த்தால் மீட்புத் திட்டம் பாழ். இந்த மெலிவு யாரும் அடித்துப் பட்டினிபோட்டு வந்ததல்ல, சோளகக் காற்றோடு வந்து வாடைக்காற்றோடு போவது என்று அப்போது விளங்கிவிடும். மீட்க விரும்புகிறவர் பருவம் பார்த்துப் போகவேண்டும்.

படி 4: அனுமதியும் காணியும்

நெடுந்தீவில் 1,800 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் 2015இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பூங்காவுக்குள்ளிருந்து ஓர் உயிரைப் பிடித்துக்கொண்டு வருவதென்றால் 1937ஆம் ஆண்டுத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உங்களை முதலில் பிடிக்கும். ஆகவே வனசீவராசிகள் திணைக்களம், பிரதேச செயலகம், பிரதேச சபை, மிருக வைத்திய அலுவலகம் என்று ஒரு சுற்றுப் போகவேண்டும். சுற்று வழக்கம்போல விதானையாரிடம் தொடங்கும். உரையாடல் ஏறக்குறைய இப்படி நடக்கும்:

"விதானையார், ஒரு குதிரையை யாழ்ப்பாணம் கொண்டுபோக ஒரு கடிதம் வேணும்."

"குதிரை குடும்ப அட்டையில பதிஞ்சிருக்கோ?"

"அது கூட்டமாத்தான் நிக்குது. அட்டை இல்லை."

"பதிவில்லாத ஒண்டு இஞ்சை இருக்கெண்டு நான் எப்பிடித் தம்பி எழுதுறது? இஞ்சை இல்லாதது எப்பிடி இடம்பெயரும்?"

கோபிக்கவேண்டாம். மீள்குடியேற்றம் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் நீண்ட வரிசை உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த துணியோடு ஓடியவர்களில் ஒரு பகுதியினர் முப்பது வருடம் கடந்தும் தங்கள் காணிக்குள் கால்வைக்கக் காத்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் குதிரை அந்த வரிசையின் வாலில் நிற்கவேண்டும். குதிரைக்கு அதில் ஓர் அனுகூலம் உண்டு: அது நிற்கும் இடம் அதன் சொந்த ஊர்.

கடிதம் வருவதற்கிடையில் காணி பாருங்கள். ஒரு குதிரைக்குக் குறைந்தது ஓர் ஏக்கர் மேய்ச்சல் தரை வேண்டுமென்பது பொதுக்கணக்கு. நம் அளவில் 16 பரப்பு. குதிரை கூட்டத்தில் பிறந்து கூட்டத்தில் வாழ்வது. தனியே கட்டினால் தின்னாமல் குடியாமல் வேலியோரம் நடந்தே தேயும். எனவே இரண்டு குதிரை, 32 பரப்பு. ஒன்றரைப் பரப்புச் சீதனக் காணிக்கு மூன்று தலைமுறை கோட்டுக்கு அலைகிற ஊரில், 32 பரப்பைக் குதிரைக்கு எழுதப்போவதாக முதலில் வீட்டுக்காரியிடம் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் திட்டம் உயிரோடிருந்தால் தொடருங்கள்.

படி 5: கடலைக் கடவுங்கள்

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள். யாழ்ப்பாணத்தில் இறங்க ஆறில்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஆறு. உயிர்க்குதிரையை நம்பிக் கடலில் இறங்கலாமா என்பது பற்றிப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கல்வெட்டு சொல்கிறது.

குறிகட்டுவானில் நின்றால் எதிரே தெரிவது நயினாதீவு. அங்கே நாகபூஷணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டின் பராக்கிரமபாகு மன்னன் பொறித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்கான சட்டம் அது. சரக்குக் கப்பல் உடைந்தால் பாதி அரசனுக்கு, பாதி உடையவனுக்கு. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் அரசனுக்குக் கால்பங்குதான், முக்கால்பங்கு உடையவனுக்கு. குதிரைக்கப்பல்காரனுக்கு ஏன் இந்தத் தாராளம்? ஒரு முறை நட்டப்பட்டவன் மறுமுறை குதிரையோடு இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டான். இந்தக் கடலில் குதிரை கொண்டுவருவது என்ன பாடு என்று எண்ணூறு வருடத்துக்கு முந்திய அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. இப்போது அந்தச் சலுகை நடைமுறையில் இல்லை. படகு ஆடினால் நட்டம் முழுவதும் மாமாவுடையது.

ஒரு உடற்கூற்றுக் குறிப்பு: குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. சோளகத்தில் உங்களுக்குக் குமட்டினால் படகோரத்தில் சாய்ந்து ஆறுதல் காணலாம். அதற்கு அந்த வழியும் இல்லை. கயிறு இறுகிய, பயந்த, இருநூறு கிலோ எடையுள்ள ஒரு பிராணியோடு ஒரு மணித்தியாலம். ஆச்சிமாரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

படி 6: உணவு கொடாதீர்கள்

வளவில் இறக்கிவிட்டீர்கள் என்று வைப்போம். இப்போதுதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. அதன் பெயர் விருந்தோம்பல்.

நாம் குதிரையை அன்பால் கொன்ற வரலாறு பழையது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரையைப் பார்த்த மார்க்கோ போலோ, அங்கே அரசர்கள் வருடந்தோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளை வாங்குகிறார்கள், வருடமுடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதிவைத்தார். காரணம்? அவிந்த இறைச்சியும் சோறும் தீனி. பராமரிப்புத் தெரிந்த ஆளில்லை. குதிரை விற்ற வணிகர்கள் குதிரை வைத்தியரை இந்தப் பக்கம் வரவிடுவதுமில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் வியாபாரம். இறைச்சியும் சோறும் விருந்தாளிக்கு நாம் வைக்கும் உச்சமான சாப்பாடு. பாண்டியன் ஒன்றும் கஞ்சத்தனம் செய்யவில்லை.

பட்டினி கிடந்த குதிரைக்கு முதல் நாளே கொள்ளும் தவிடும் வாளி நிறைய வைத்தால், அது ஆசையோடு தின்னும். கொள்ளுக்கு வாய் திறப்பதில் குதிரையை மிஞ்ச ஆளில்லை. அந்த மாச்சத்து இரத்தத்தில் ஏறியதும் இன்சுலின் பொங்கும். இரத்தத்திலிருந்த பொஸ்பரசும் மக்னீசியமும் பொட்டாசியமும் உயிரணுக்களுக்குள் இழுபடும். சில நாட்களில் இதயம் நிற்கலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறைமுகாம்களிலிருந்து வெளியே வந்த மனிதர்கள் சிலர் வயிறாரச் சாப்பிட்ட பிறகு செத்ததைப் பார்த்துத்தான் வைத்தியர்கள் இதைப் படித்தார்கள். அதனால் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மிருக வைத்தியர்கள் தானியத்தைத் தள்ளிவைத்து, உலர்ந்த குதிரைமசால் புல்லை நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அரைக்கிலோ அளவில் தொடங்கி, பத்து நாளில் மெல்ல மெல்ல ஏற்றச் சொல்கிறார்கள். முழுதாகத் தேற மாதக்கணக்காகும். கிடந்து காய்ந்த வயிற்றுக்கு முதலில் கஞ்சிதான் என்பதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் அமெரிக்காவிலிருந்து சொல்லித்தரத் தேவையில்லை.

ஆனால் அயலவர் வருவார்கள். "பாவம், கிடந்து காயுது" என்று ஒருவர் இடியப்பம் கொண்டுவருவார். ஒருவர் பிண்ணாக்கு. ஒருவர் வேலியில் கிளிசரிடியாக் குழையை முறித்துப் போடுவார், எங்கள் மாடு இதைத்தான் தின்னுது என்று. மாடு அசைபோடும், நாலறை இரைப்பையில் நஞ்சும் ஓரளவு சமையலாகும். குதிரைக்குச் சின்னதாக ஒரே இரைப்பை. கிளிசரிடியா அதற்கு நஞ்சு. ஆகவே படலையில் ஒரு பலகை தொங்கவிடுங்கள்: "இங்கே உணவு கொடுப்பது தடை. மாமி உட்பட."

படி 7: குளம்பும் பல்லும்

நெடுந்தீவில் முருகைக்கல் தரையில் ஓடியோடிக் குளம்பு தானே தேய்ந்துகொள்ளும். உங்கள் செம்மண் வளவில் அது தேயாது, வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தரம் சீவிவிட ஆள் வேண்டும். வண்டில் சவாரி மாட்டுக்கு லாடன் அடிப்பவரைக் கேட்டுப் பாருங்கள். "மாடு எண்டால் விழுத்திப்போட்டு அடிப்பன் அண்ணை. உதை விழுத்தினால் ஆர் எழுப்புறது? அதுக்கு முதல் ஆர் என்னை எழுப்புறது?" என்பார். நியாயமான கேள்வி.

பல்லும் அப்படியே. வாழ்நாள் முழுக்க முளைத்துக்கொண்டே இருக்கும். கரடான புல்லை நாள்முழுக்க அரைத்தால் தேயும். மெத்தென்ற தீனி போட்டால் ஓரங்கள் கத்தியாகிக் கன்னத்தைக் கிழிக்கும். அப்போது அரம் வைத்து ராவவேண்டும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்ற பழமொழியை நம்பிக் குதிரையின் வாயைத் திறக்காமலும் விடாதீர்கள், திறந்து கையை உள்ளே மறந்தும் விடாதீர்கள்.

இந்த இடத்தில் கவனித்திருப்பீர்கள். தீவில் தானாகச் சரியாக நடந்துகொண்டிருந்த இரண்டு காரியங்கள் உங்கள் வளவுக்கு வந்தபின் பழுதாகி, இப்போது சம்பளத்துக்கு ஆள் தேடுகிறோம். கைவிடப்பட்ட குதிரை என்ற பெயருக்கு இப்போதுதான் அது தகுதி பெறுகிறது.

படி 8: நல்ல இடத்தில் கட்டிக்கொடுங்கள்

மாமா அடுத்த முறை தொலைபேசியில், "நீ ஏன் கஷ்டப்படுறாய், ஆரும் நல்ல ஆளிட்டைக் குடன்" என்பார். தரகர் வேலை தொடங்கும். வரக்கூடிய வரன்கள்:

ஒருவர், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை கேட்பார். மேலே ட்ரோன் கமரா பறக்கும், கீழே வெடி கொளுத்துவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லையே, அப்போது குதிரை என்ன செய்யும் என்று கேளுங்கள். பதில் வராது.

இன்னொருவர், கடற்கரையில் சவாரி விடக் கேட்பார். நுவரெலியா வாவிக்கரையிலும் சென்னை மெரினாவிலும் ஊட்டியிலும் நடக்கிற தொழில்தான். சீசன் முடிந்த ஊட்டியில் சொந்தக்காரர் அவிழ்த்துவிட்ட குதிரைகள் குப்பைத்தொட்டியில் தலைவிட்டுப் பிளாஸ்ரிக்கோடு சாப்பிடுவதைப் பார்த்தவர்கள் உண்டு. மலைக்குக் கீழே மசினகுடிப் பக்கம் மாவனல்லாவில் அப்படிப்பட்டவற்றை ஏற்றுப் பராமரிக்க ஒரு விலங்குக் காப்பகமே இருக்கிறது. அங்கே மீட்கப்படும் குதிரை உண்மையில் மனிதக் கையில் கெட்ட குதிரை. அதை மனிதக் கைதான் தூக்கிவிடவேண்டும். இந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாமவர் தோட்டக்காரர். "எனக்குக் குதிரை வேண்டாம் தம்பி, அதின்ரை எரு இருந்தால் தாரும்" என்பார். வந்தவர்களில் நேர்மையானவர் இவரே.

வாதவூரடிகள் கதை நமக்குத் தெரியாததல்ல. பாண்டியன் குதிரை வாங்கத் தந்த பொன் கோயிலுக்குப் போனது. குதிரை வந்தது, இறைவன் கையால். இரவானதும் பரியெல்லாம் நரியாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. வரன் தேடும்போது பகலில் ஒரு தரமும் இரவில் ஒரு தரமும் போய்ப் பாருங்கள்.

நல்ல உதாரணம் வேண்டுமென்றால் தள்ளாடியைத் தாண்டி மன்னாருக்குப் போங்கள். அங்கே தெருவெல்லாம் கழுதை. பொதி சுமந்த காலம் போய், வேலையில்லாமல் ரோட்டில் நின்று வாகனத்தில் அடிபடுகிற கழுதை. பிரிட்ஜிங் லங்கா என்ற அமைப்பு அவற்றைப் பிடித்து வேறெங்கும் கொண்டுபோகவில்லை. கழுதை நிற்கும் ஊரிலேயே ஒரு கழுதை வைத்தியசாலையும் கல்வி நிலையமும் வைத்தது. விசேட தேவையுள்ள பிள்ளைகளைக் கழுதைகளிடம் அழைத்துவந்தது. இடம் மாறியது கழுதையல்ல, கழுதையைப் பார்க்கிற பார்வை. கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்று நாமும் எத்தனை நாளைக்குச் சொல்லிக்கொண்டிருப்பது?

படி 9: எல்லாவற்றையும் திருப்பி வையுங்கள்

குதிரையை இன்னும் பிடிக்கவில்லைத்தானே? நல்லது. இதுவரை சொன்னது நடக்காமல் இருக்கத்தான் சொன்னேன். தேவையான பொருட்கள் பட்டியலை எடுங்கள். கயிற்றை வெட்டுங்கள். படகு, பட்டா, காணி, கொள்ளு, எல்லாம் வெட்டுங்கள். வைத்தியரை வெட்டவேண்டாம், அவருடைய இலக்கத்தைக் குறித்துவையுங்கள். மிஞ்சுவது ஒரு வாளி.

குதிரைக்கு உடலின் நூறு கிலோவுக்கு ஏறத்தாழ ஐந்து லீற்றர் தண்ணீர் ஒரு நாளைக்கு வேண்டும். வெயிலில் அது இரட்டிக்கும். நெடுந்தீவுக் குதிரை ஒன்றுக்கு ஆவணியில் இரண்டு வாளி என்று வையுங்கள். இருபது குதிரைக்கு நாற்பது வாளி. தீவில் சாறாப்பிட்டிப் பக்கம் நல்ல தண்ணீர் உண்டு. மற்றப் பல கிணறுகளில் உவர். சனங்களே குடத்தோடு அலையும் மாதத்தில் குதிரைக்கு ஊற்றுகிற வாளி யாரோ ஒருவருடைய வீட்டுக் கணக்கில் கழிகிறது. பவுசர் வராத நாளிலும் அந்தக் கணக்கைப் பாராமல் ஊற்றுகிறவர்கள் அந்தத் தீவில் உண்டு. அவர்கள் படத்தில் வருவதில்லை.

நம் முன்னோர் இதை முறையாகச் செய்து வைத்தார்கள். வெளிகளிலும் தெருவோரத்திலும் கேணி, அதனருகே மாடு குடிக்கத் தொட்டி, உடம்பை உரஞ்ச ஆவுரோஞ்சிக்கல், நடந்து வருகிறவனுக்குச் சுமைதாங்கி. அந்தத் தொட்டியைக் கட்டியவன் எந்த மாட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. யாருடைய மாடு என்றும் கேட்கவில்லை. தாகம் வரும் வழியில் தண்ணீரை வைத்தான், அவ்வளவுதான்.

எனவே மாமாவின் காசுக்கு வேலை இருக்கிறது. தீவுச் சனத்தையும் பிரதேச சபையையும் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் தொட்டி கட்டுங்கள். குட்டிக்கும் எட்டும்படி பதிவாக. உள்ளே விழுந்த உயிர் ஏறிவர ஒரு பக்கம் சரிவாக. ஐப்பசி மழைக்கு முன் தூர்ந்த கேணி ஒன்றைத் தூர்வாரக் கொடுங்கள். வறட்சியில் பவுசருக்குக் கொடுங்கள், குதிரைக்கு ஒரு பங்கு, வீடுகளுக்கு ஒரு பங்கு. தொட்டியில் பெயர் பொறிக்க மாமா கேட்பார். பாசி படியும் இடத்தில் பொறிக்கச் சொல்லுங்கள்.

ஊற்றிவிட்டு அங்கே நிற்கவேண்டாம். நீங்கள் நிற்கும்வரை குதிரை வராது. தூரத்தில் காதை நிமிர்த்திக்கொண்டு, நீங்கள் போகிறீர்களா என்று பார்த்தபடி நிற்கும். போங்கள். படகுக்கும் நேரமாகும். இரவில் அவை வரும், கிழட்டுப் பெண்குதிரை முன்னால், குட்டிகள் நடுவில்.

மாமாவுக்கு எப்படியும் ஒரு படம் வேண்டும். அடுத்த முறை தீவில் இரவு தங்க நேர்ந்தால் விடியப் போய் வெறும் தொட்டியைப் படமெடுத்து அனுப்புங்கள். "குதிரை எங்கை?" என்று கேட்பார். "குடிச்சிட்டுப் போட்டுது மாமா" என்று பதில் போட்டுவிட்டு வாளியை எடுங்கள்.